ஐயா பேச, நான் சொல்ல

நான் என் அப்பாவை அடித்திருக்கிறேன். இதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் எல்லாம் பொய்யாகிவிடும், அதனால் முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். ஏறக்குறைய ஒரு வருஷம் அடித்தேன். கையால் அடித்தேன், துடைப்பக்கட்டையால் அடித்தேன், ஒருநாள் சோற்றுக்கரண்டி கைக்கு வந்தது, அதனாலும் அடித்தேன். எனக்கு அப்போது முப்பது வயது இருக்கும். அவருக்கு அறுபத்திரண்டு. படிக்கிறவர்கள் காறித் துப்பினாலும் சரி, என்னை நானே துப்பித் தீர்த்துவிட்டேன்.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. தாராவியில் தோல் ஷாப்புகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கோலி. கோலி என்றால் ஒரே அறை. அடுப்பும் அதில்தான், படுக்கையும் அதில்தான், சண்டையும் அதில்தான். அப்பாவை நான் ஐயா என்றுதான் கூப்பிடுவேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். தோல் ஷாப்பில் முக்காதமாக இருந்தார், அதாவது இருபது ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி. அவருக்கு வாயால் வேலை வாங்கத் தெரியாது. உப்பில் ஊறிய ஈரத்தோலைச் சுருட்டி ஆளின் முதுகில் வீசுவார். ஒருவனுக்குக் காது கேட்காமலே போயிற்று. அவன் மறுநாளும் வேலைக்கு வந்தான், வந்து ஐயாவுக்குக் கும்பிடு போட்டான். வேறு எங்கே போவான்?

இத்தனை வருஷம் பம்பாயில் இருந்தும் ஐயாவுக்கு இந்தி பத்து வார்த்தைக்கு மேல் வராது. சலோ, ஜல்தி, உட்டாவ், மாரூங்கா. நட, சீக்கிரம், தூக்கு, அடிப்பேன். ஷாப்புக்கு அவ்வளவு போதும். வீட்டில் அதைத் தமிழில் சொல்வார். அம்மாவை அவர் அடிக்காத கிழமை உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. எனக்குப் பதினாலு வயதில் அம்மா இருமி இருமிச் செத்துப்போனாள். சந்துக்காரர்கள் நெஞ்சுச்சளி என்றார்கள். எனக்குக் கல்யாணம் ஆயிற்று, கட்டியவன் இரண்டு வருஷத்தில் என்னை விட்டுவிட்டு ஊரில் வேறொருத்தியோடு குடித்தனம் போட்டான். திரும்பி ஐயாவிடமே வந்து விழுந்தேன். வேறு போக்கிடம் இருந்தால் அந்தப் படி ஏறியிருப்பேனா?

நான் வந்த மூன்றாம் வருஷம் ஐயா தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டியில் வழுக்கி விழுந்தார். கால் வெந்துவிட்டது. முதலாளி இரண்டு மாதம் பார்த்தார், பிறகு வீட்டில் இரு என்று சொல்லிவிட்டார். பயம் அதற்கப்புறம்தான் வந்தது. அத்தனை பேரை நடுங்க வைத்த மனுஷர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். வேர்த்துக் கொட்டும். நாக்கு ஒட்டிக்கொள்ளும். "நெஞ்சு படபடன்னு அடிக்குட்டி. கதவப் பூட்டிட்டியா பாரு. ஆரோ வாரானுவ," என்பார். பூட்டியாயிற்று என்று சொல்வேன். எண்ணி ஐந்து நிமிஷம் ஆகாது, மறுபடியும் "பூட்டிட்டியாட்டி?" அக்கம்பக்கத்தில் வாய்வு என்றார்கள், ஓமத்தண்ணி கொடுத்தேன். கண்ணேறு என்றார்கள், சுற்றிப் போட்டேன். தர்காவில் போய்க் கயிறு மந்திரித்து வந்து கட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. வியாதி என்று எனக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு நாள் ஊரை மிரட்டியவன் இப்போது என்னை வைத்து வேலை வாங்க வேஷம் போடுகிறான் என்றுதான் நினைத்தேன்.

நான் செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் பாட்டில் கழுவுகிறவள். சோடா கலந்த வெந்நீரில் காலை முதல் கை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, புளி பட்டால் உயிர் போகும். ஐந்து மணிக்குச் சங்கு ஊதினால் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேருவேன். வந்ததும் வராததுமாக "பூட்டிட்டியாட்டி" என்ற குரல். ஒருநாள் அப்படிக் கேட்டபோது என் கை நீண்டுவிட்டது. கன்னத்தில் விழுந்தது. ஐயா கல்லுமாதிரி உட்கார்ந்திருந்தார். திருப்பி அடிப்பார் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. எனக்கு நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அந்த ருசியை நான் மறைக்கமாட்டேன். அம்மாவுக்காக அடித்தேன் என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். எனக்காகத்தான் அடித்தேன்.

அப்புறம் அது பழகிப்போயிற்று. நான் உள்ளே நுழைகிற சத்தம் கேட்டதும் ஐயா தோளில் கிடக்கிற துண்டின் முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொள்வார். பயத்தில் வருகிற முனகல் வெளியே கேட்டால் எனக்குக் கோபம் வரும் என்று அப்படிச் செய்தார். துண்டைக் கடித்தபடி மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு என்னையே பார்ப்பார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும். அதற்கும் ஒரு அடி விழும்.

ஒருநாள் மத்தியானம், நான் கம்பெனியில் இருந்த நேரம், ஐயா ரயில் பாதைக்குப் போனார். சாகத்தான் போனார். பாதை வேலை பார்க்கிற கேங்மேன் ஒருவன் அவரைப் பார்த்துவிட்டு ஓடிவந்து தலைமுடியைப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் ஜல்லியில் உருண்டார்கள். புருவத்துக்கு மேல் கிழிந்து ரத்தம். எழுந்ததும் கேங்மேன் ஐயாவை ஓங்கி இரண்டு அறை அறைந்தான், கடைவாய்ப் பல் ஒன்று கழன்று விழுந்தது. அப்புறம் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவனும் அழுதான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நான் ஓடிப் போனபோது தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டில் பக்கத்தில் நோட்டும் கையுமாக ஒரு போலீஸ் ஹவல்தார். சாகப் பார்த்தால் அந்தக் காலத்தில் போலீஸ் கேஸ், பிழைத்தவனைப் பிடித்து உள்ளே போடுவார்கள். "பாதையைத் தாண்டும்போது கால் தடுக்கிவிட்டது," என்றேன் இந்தியில். ஹவல்தார் கேங்மேனைப் பார்த்தான். கேங்மேன் என்னைப் பார்த்தான். "ஆமாம், தடுக்கித்தான் விழுந்தார்," என்றான். ஐயா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். அவர் எதற்காகப் போனார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மறுபடி போவார் என்றும் தெரியும்.  அடித்தவள் நான், சாகவிடாதே என்று கும்பிட்டவளும் நான், இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

மூன்றாம் நாள் ஒரு டாக்டரம்மா வந்தார். மராத்திக்காரர், குள்ளம், சிடுமூஞ்சி. மனசு நோய் பார்க்கிற டாக்டர் என்று நர்ஸ் சொன்னாள். ஐயாவின் முகத்தையும் என் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் போலீஸ் இல்லை. என்னிடம் யாருக்கும் கால் தடுக்க வேண்டியதில்லை. வியாழக்கிழமைதோறும் கூட்டிக்கொண்டு வா," என்றார்.

ஓபிடி என்கிற வெளிநோயாளிக் கூடத்தின் கோடியில் அவருக்கு ஒரு அறை. உடைந்த தராசு ஒன்று மூலையில் கிடக்கும். ஒரு மேஜை, மூன்று நாற்காலி. டாக்டரம்மா காகிதப் பொட்டலத்தில் வேர்க்கடலை வைத்துக்கொண்டு உரித்துத் தின்றபடியே கேட்பார். சின்ன மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார். "இது பாதிதான். மீதியைப் பேசித்தான் தீர்க்கவேண்டும்," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பேசினால் தீரும் என்றால் எங்கள் சந்தில் ஒருவருக்கும் ஒரு நோயும் இருக்கக்கூடாது, அவ்வளவு வாய்.

அவருக்குத் தமிழ் தெரியாது. ஐயாவின் பத்து வார்த்தை இந்தியை வைத்து அங்கே என்ன பேச? ஆகவே ஐயா சொல்வதை நான் இந்தியில் சொல்லவேண்டும், அவர் கேட்பதை நான் தமிழில் கேட்கவேண்டும். முதல் நாளே டாக்டரம்மா ஒரு கட்டளை போட்டார். "அவர் 'நான்' என்று சொன்னால் நீயும் 'நான்' என்றே சொல்லு. அவர் சொல்கிறார், அவர் சொல்கிறார் என்று நடுவில் வந்து நிற்காதே. இந்த அறையில் நீ அவருடைய வாய், அவ்வளவுதான்."

அடித்தவளையே வாயாக வைத்துக்கொள் என்று ஐயாவுக்குச் சொன்ன மாதிரி ஆயிற்று. டாக்டரம்மாவுக்கு அது தெரியாது. எனக்கும் ஐயாவுக்கும்தான் தெரியும்.

எப்போது பயம் வருகிறது என்று டாக்டரம்மா கேட்டார். ஐயா, "அஞ்சு மணிக்கு மில்லுல சங்கு ஊதும். ஊதுனா உள்ளுக்குள்ள புடிச்சுக்கிடும். அவ வருவாள்லா. பஸ்ஸு வந்திருக்கும், குழாயடி தாண்டியிருப்பா, இப்பம் சந்துக்குள்ள வாராண்ணு எண்ணிக்கிட்டே கெடப்பேன்," என்றார்.

நான் இந்தியில், "சாயங்காலம் ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது," என்றேன்.

டாக்டரம்மா கடலையை நிறுத்தினார். "அவர் இவ்வளவு பேசினார், நீ இவ்வளவுதான் சொல்கிறாய்?"

"எங்கள் பாஷையில் வார்த்தையெல்லாம் நீளம்," என்றேன். வெட்கமே இல்லாமல் சொன்னேன்.

ஐயா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி விழுங்கிவிட்டேன் என்று புரிந்துகொள்ள அவருக்கு இந்தி தேவையில்லை.  அடுத்த வியாழக்கிழமையும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். அவர் சொல்லுவார், நான் நறுக்குவேன், டாக்டரம்மா கடலை உரிப்பார். வீட்டுக்கு வந்து, "அங்கன என்னத்துக்கு என்னப் பத்திப் பேசுதீரு," என்று பல்லைக் கடிப்பேன். அடிக்கவும் செய்தேன், ஆனால் முகத்தில் படாமல் அடித்தேன். அந்த அளவுக்குக் கணக்காக இருந்திருக்கிறேன்.

நாலாவது வியாழக்கிழமை. மழை. ஓபிடி முழுக்க ஈரக்குடை நாற்றம். டாக்டரம்மா, "பாபா, உங்கள் மனைவி எப்படி இறந்தார்?" என்று கேட்டார். எனக்கு நிம்மதி, இன்றைக்கு என் தலை உருளாது என்று. "அம்மா எப்படிச் செத்தான்னு கேக்காவ," என்றேன். நெஞ்சுச்சளி என்பார், முடிந்துவிடும் என்று இருந்தேன்.

 ஐயா துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே பேசினார்.

"அவளுக்கு இருமலு. ராத்திரி பூரா இருமுவா. எனக்கு வெள்ளன எந்திச்சு ஷாப்புக்குப் போணும். ஒருநா எந்திச்சு மிதிச்சேன். நெஞ்சுலயே மிதிச்சேன். இன்னும ஒருதரம் இருமுனியன்னா கொன்னுருவேன்னு சொன்னேன். அதுக்குப் பொறவு அவ இருமவேயில்ல. நின்னுட்டுன்னு நெனச்சிட்டேன். அவ சேலைத் தலப்ப வாயில திணிச்சிக்கிட்டு இருமியிருக்கா. பதினோரு நாளு. பன்னண்டாம் நாளு வெடிஞ்சு பாத்தா அந்தத் துணியோட கெடக்கா. நாந்தான் வாயிலருந்து உருவுனேன். உருவ வரல. பல்லு கடிச்சிருந்துச்சு."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். சொல்லு என்று கையைக் காட்டினார்.

அந்தச் சேலைத்தலைப்பை நானும் பார்த்திருக்கிறேன். பக்கத்தில்தானே படுத்திருந்தேன். ரத்தம் வருகிறது, எனக்குத் தெரியாமல் அம்மா மறைக்கிறாள் என்று பதினாறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நான் அவருடைய வாய். 'மைனே', அதாவது 'நான்', என்று இந்தியில் ஆரம்பித்தேன். நான் என் மனைவியை மிதித்தேன். நெஞ்சில் மிதித்தேன். இருமினால் கொன்றுவிடுவேன் என்று நான் சொன்னேன். ஒவ்வொன்றையும் நான், நான் என்று என் நாக்கால் சொன்னேன். வெட்டுவதற்கு எனக்குத் தோன்றவே இல்லை. துணியை நான்தான் உருவினேன் என்பது வரைக்கும் சொல்லி முடித்தேன்.

எழுந்து ஐயாவின் சட்டையைப் பிடித்தேன். டாக்டரம்மாவின் கண் முன்னாலேயே ஓங்கி அடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. "எங்கம்மாவக் கொன்ன நீ, எங்கம்மாவக் கொன்ன," என்று கத்தினேன். நாற்காலியோடு சுவரில் போய் மோதினார். தையல் ஆறிய இடத்திலும் ஒரு அடி விழுந்தது. ஐயா தடுக்கவில்லை. வீட்டில் செய்வதை அப்படியே செய்தார். துண்டின் முனையை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் அது என் மண்டையில் ஏறியது. ஒரு வருஷமாக அந்தத் துண்டைத் தினமும் பார்க்கிறேன். என் கை அந்தரத்திலேயே நின்றது.

டாக்டரம்மாவுக்கு நான் எதையும் இந்தியில் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. மேஜையைச் சுற்றி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் குள்ள உருவத்துக்குள் அவ்வளவு பலம் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. கடலைத்தோல் எல்லாம் தரையில் சிதறிக் கிடந்தது. "எத்தனை நாளாக?" என்றார். ஒரு வருஷம் என்றேன். "சாயங்காலம் வீட்டுக்கு வருவது யார்?" நான் என்றேன். அதுவரை நறுக்கி எறிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சங்கு, பஸ், குழாயடி, எல்லாம். மூக்குச்சளி வாயில் ஓட ஓடச் சொன்னேன். ஐயா ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். "மாரா, மாரான்னு சொல்லுதியே. அடிச்சதச் சொல்லுதியா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். "அதெதுக்குச் சொல்லுத. ஒன்ன வேலைய விட்டுத் தூக்கிருவாவட்டி," என்றார்.

திட்டுவார், போலீஸைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். டாக்டரம்மா இரண்டையும் செய்யவில்லை. தமிழ் தெரிந்த ஆள் வேறு யாராவது கிடைப்பாரா என்று ஆஸ்பத்திரி முழுக்கத் தேடச் சொன்னார், கிடைக்கவில்லை. அதனால் அடுத்த வாரத்திலிருந்து முதல் அரைமணி எனக்கு, பிறகு ஐயாவுக்கு என்று வைத்தார். என் அரைமணியில் நான் என்னுடைய 'நான்' பேசவேண்டும். அது ஐயாவின் 'நானை' விடக் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கும் சட்டம் போட்டார். நான் குழாயடியிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வரவேண்டும், திடுமென நுழையக்கூடாது. கை எழுந்தால் காலை வெளியே வைக்கவேண்டும். சந்து முழுக்க என்னைக் கேலி பண்ணியது. "ஐயா, நான் வாரேன்," என்று குழாயடியில் நான் கத்தினால், "கலெக்டரம்மா வாராவ, வழிவிடுங்க," என்று எவளாவது பதில் கொடுப்பாள்.

ஐயாவுக்கு ஒரு காகிதம். "பாபா, செத்துப்போகலாம் என்று தோன்றினால் தனியாக இருக்கக்கூடாது. மூன்று வாசலுக்குப் போகவேண்டும். ஒன்று பூட்டியிருந்தால் அடுத்தது. யார் யார் வாசல், சொல்லுங்கள்," என்றார் டாக்டரம்மா.

ஐயா யோசித்தார். "என்ன அறைஞ்சாம்லா, அந்தக் கேங்மேன்," என்றார். டாக்டரம்மா சிரித்தே விட்டார். எழுதிக்கொண்டார். இரண்டாவது, பக்கத்துக் கோலி அக்கா. மூன்றாவது? ஐயா என்னைப் பார்த்தார். சொல்லுங்க ஐயா, சொல்லுங்க என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "மூணாவது கெடையாது," என்றார். அதை நானே என் வாயால் இந்தியில் சொன்னேன். டாக்டரம்மா மூன்று என்று எண்ணைப் போட்டு, பக்கத்தில் இடத்தை வெறுமனே விட்டு, காகிதத்தை ஐயாவின் சட்டைப்பையில் வைத்தார். பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. சோறு போடுகிறவள் நான், அந்த இடத்தில் என் பேர் இல்லை. எந்த முகத்தோடு கேட்பேன்?

ஐயா நிஜமாகவே கேங்மேனிடம் போகத் தொடங்கினார். அவன் பேசுகிற பாஷை ஐயாவுக்குத் தெரியாது, ஐயாவின் பாஷை அவனுக்குத் தெரியாது. பாதை ஓரத்தில் அவனுடைய கேபின் வாசலில் உட்கார்ந்து இரண்டு பேரும் பீடி குடித்துவிட்டு எழுந்து வருவார்கள். "பூட்டிட்டியா" குறைந்தது. சில நாள் சங்கு ஊதுகிற நேரத்தில் தூங்கியே போயிருப்பார். இரண்டு மாதம் நான் கையை ஓங்கவில்லை. அவ்வளவுதான், தீர்ந்தது என்று இறுமாந்துபோனேன்.

அந்த நாட்களில் ஊரே வெறிபிடித்துக் கிடந்தது. மதராஸிகளை விரட்டு என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். மாதுங்காவில், செம்பூரில் நம் ஆட்களின் கடைகளில் கல் விழுந்தது. ஒரு சாயங்காலம் பஸ்ஸில் நாலு பயல்கள் என் பின்னலைப் பிடித்து இழுத்து, உன் ஊருக்குப் போடி என்று முகத்தில் துப்பினார்கள். பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. துடைத்துக்கொண்டு இறங்கினேன். குழாயடியில் குரல் கொடுக்கவில்லை. நேரே உள்ளே நுழைந்தேன். எனக்கு டீ போடுகிறேன் என்று ஐயா ஸ்டவ்வைப் பற்றவைக்கப் பார்த்து மண்ணெண்ணெயைப் பூராவும் கொட்டி வைத்திருந்தார். அந்தப் பயல்களை அடிக்க முடியாத கை இவரை அடித்தது. இரண்டு அடி. அப்புறம்தான் காலை வெளியே வைத்தேன். ஐயா இந்தத் தடவை துண்டைக் கடிக்கவில்லை. துணியால் மண்ணெண்ணெயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மன்னிப்பு கேட்கவேண்டும் என்று இருந்தது, வாய் வரவில்லை. காலையில் ஒரு வார்த்தை பேசாமல் வேலைக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். கழுவிக்கொண்டிருந்தேன். கேட் வாட்ச்மேன் வந்து, "கிழவர் ஒருவர் வந்து நிற்கிறார். உன் பேரைச் சொல்கிறார். ரத்தமாக இருக்கிறது," என்றான். கையில் இருந்த பாட்டில் தொட்டியில் விழுந்து உடைந்தது.

கேட்டில் ஐயா நின்றார். பயம் வந்த பிறகு தனியாக ரயில் பாதையைத் தாண்டிப் போகாத மனுஷர், தாராவியிலிருந்து செம்பூர் வரைக்கும் நடந்தே வந்திருக்கிறார். செம்பூர், தவாய் கம்பெனி, அதாவது மருந்துக் கம்பெனி, என்று இரண்டே வார்த்தையைச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். வேட்டி கிழிந்து தொங்கியது. பழைய தையல் தழும்பு மறுபடி கிழிந்து கண் வரைக்கும் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது.

"ஆரு அடிச்சா?"

"ரோட்டுல பயலுவ. வேட்டியப் பாத்துட்டு அடிச்சானுவ. அது கெடக்கு." அவருக்கு மூச்சு வாங்கியது. "காலேலருந்து அந்த நெனப்பாவே இருக்கு. கேங்மேன் வேலைக்கு வரல. அக்கா கோலி பூட்டிக் கெடக்கு."

காயத்தைப் பார்க்கத்தான் கையைத் தூக்கினேன். சாமி சத்தியமாகக் காயத்தைப் பார்க்கத்தான். ஐயாவின் முழங்கை சட்டென்று எழுந்து முகத்தை மறைத்துக்கொண்டது. ஆனால் ஒரு அடிகூடப் பின்னால் போகவில்லை. மறைத்த கைக்குப் பின்னாலிருந்தே சொன்னார்.

"அடிக்கணும்னா அடிட்டி. தனியா மட்டும் விட்டுராத. இன்னைக்குத் தனியா இருந்தம்னா செத்துருவேன்."

நான் கேட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். சூப்பர்வைசர் வந்து கத்தினான், வாட்ச்மேன் என்னவோ சொன்னான், ஒன்றும் காதில் விழவில்லை. பிறகு எழுந்து ஐயாவின் கையைப் பிடித்தேன். என் கை வெடிப்பெல்லாம் அவர் ரத்தமும் சோடாவும் பட்டு எரிந்தது. பஸ் ஏறி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்றைக்கு வியாழக்கிழமையும் இல்லை.

அதற்கப்புறம் என் கை எழவே இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். எழுந்தது, பல தடவை எழுந்தது. அவர்மேல் விழவில்லை. ஐயா மேற்கொண்டு ஒன்பது வருஷம் இருந்து, காய்ச்சலில், தன் பாயில் படுத்துச் செத்தார். பயம் முழுக்கப் போகவில்லை, வந்தால் யாரிடமாவது போய் உட்கார்ந்துவிடுவார். பல நாள் அது நான்தான்.

அவர் கம்பெனி கேட்டுக்கு வந்த அன்றைக்கு டாக்டரம்மா ஐயாவின் நெற்றியைத் துடைத்துக் கட்டுப்போட வைத்தார். பிறகு அறையிலிருந்த மற்ற நோயாளியை வெளியே அனுப்பிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. "பாபா, நேற்று என்ன நடந்தது?" என்றார். நான் ஐயாவிடம் அப்படியே கேட்டேன். ஐயா என் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். "சொல்லுங்க ஐயா," என்றேன். அவர் சொன்னார். நான் ஒரு வார்த்தையையும் விழுங்காமல், டாக்டரம்மாவின் கண்ணைப் பார்த்து, அவர் சொன்ன மாதிரியே இந்தியில் சொன்னேன்:

"நேற்று என் மகள் என்னை அடித்தாள். இன்றைக்கு நான் அவளிடம்தான் போனேன்."